கண்மாய் ஏன் கடலுக்குப் போனது?

வாசகர் கேள்வி – பதில்

ஊரணிகளையும் கண்மாய்களையும் ஊர்க்காரர்களே வரைபடம் போடலாம் என்று இரண்டு இதழ்களுக்கு முன்னால் எழுதினாலும் எழுதினேன், வந்த கடிதங்களில் முக்கால்வாசி கியூஜிஐஎஸ் பற்றித்தான். தெரியாதவர்களுக்காக ஒரு வரி: அது நிலப்படம் தயாரிக்கும் இலவச மென்பொருள், 2002இல் கேரி ஷெர்மன் என்பவர் ஆரம்பித்தது, இன்று உலகம் முழுக்கத் தன்னார்வலர்கள் சேர்ந்து வளர்க்கிறார்கள். சரி, கேள்விகளுக்கு வருவோம்.

கேள்வி: கானாடுகாத்தான் பக்கம் நீர்நிலைகளைக் கணக்கெடுக்கும் சிறு குழு எங்களுடையது. 12 பேருக்கு இரண்டு நாள் கியூஜிஐஎஸ் பயிற்சி கொடுத்தோம். ப்ரொஜெக்டர், அச்சடித்த கையேடு, சாப்பாடு, எதிலும் குறையில்லை. ஒரு மாதம் கழித்துப் பார்த்தால் ஒரே ஒருவர்தான் மென்பொருளைத் திறக்கிறார். எங்கே தப்பு?

சாப்பாட்டில் தப்பு இருந்திருக்காது, உங்கள் ஊராச்சே. தப்பு அந்த இரண்டு நாளில் இருக்கிறது. நானும் அதே தப்பைச் செய்தவன்தான். முதல் முறை பயிற்சி கொடுத்தபோது மேல் வரிசையில் இருக்கும் ஒவ்வொரு பட்டனையும் இடமிருந்து வலமாக விளக்கிக்கொண்டே போனேன், மத்தியானத்துக்குள் எனக்கே தூக்கம் வந்துவிட்டது, வந்திருந்தவர்களைக் கேட்கவே வேண்டாம்.

கியூஜிஐஎஸ்ஸின் அதிகாரபூர்வப் பயிற்சிக் கையேடு தென்னாப்பிரிக்காவில் ஸ்வெல்லண்டாம் என்ற ஊரின் தரவை வைத்து எழுதப்பட்டது. நல்ல கையேடு, குறை சொல்ல மாட்டேன். ஆனால் அந்த ஊரில் ஒரு ஓடையைத் தப்பாக வரைந்தால் நம் ஆளுக்கு அது தப்பு என்றே தெரியாது. சொந்த ஊரில் கலுங்கை இருபதடி தள்ளி வரைந்தால்கூட, "ஏண்ணே, இது எங்க வீட்டுக்குப் பின்னாடில வருது" என்று அவரே கத்துவார். அந்தக் கத்தல்தான் பயிற்சி. அதனால் முதல் நாள் முதல் மணி நேரத்தில் ஒரே வேலை: பின்னணியில் செயற்கைக்கோள் படத்தைப் போட்டுக்கொடுங்கள், அவரவர் ஊரணியைத் தேடிக் கண்டுபிடிக்கட்டும், கரையைச் சுற்றி வரையட்டும், சேமிக்கட்டும், கணினியை அணைத்துவிட்டு மறுபடி போட்டுத் திறந்து காட்டட்டும்.

கடைசி இரண்டையும் யாரும் சொல்லித்தருவதில்லை, ஆனால் ஆட்கள் கழன்றுகொள்வது அங்கேதான். கியூஜிஐஎஸ்ஸில் ஊரணி, தெரு என்று ஒவ்வொன்றையும் தனித்தனி அடுக்காக வரைவோம், அந்த அடுக்குக்கு லேயர் என்று பெயர். அதில் தற்காலிக லேயர் என்று ஒன்று உண்டு. அதில் வரைந்ததைக் கோப்பாகச் சேமிக்காமல் மூடினால் எல்லாம் போய்விடும். மூடும்போது ஒரு எச்சரிக்கை வரும், வாஸ்தவம், ஆங்கிலத்தில் வரும் எச்சரிக்கையை நம்மில் யார் படிக்கிறோம்? இன்னொன்று, ப்ராஜெக்ட் கோப்பை மட்டும் பென்டிரைவில் போட்டு எடுத்துப் போய் வீட்டில் திறப்பார்கள், லேயர்களைக் காணோம் என்று வரும். ப்ராஜெக்ட் கோப்பு கல்யாணப் பத்திரிகை மாதிரி. பத்திரிகையில் மண்டபத்து முகவரி இருக்கும், மண்டபம் இருக்காது. தரவுக் கோப்பும் சேர்ந்து வந்தால்தான் கல்யாணம். இந்த உதாரணத்தைச் சொன்ன பிறகு எனக்கு அந்த போன் கால் வருவது பாதியாகக் குறைந்தது.

அப்புறம், 12 பேருக்கும் எல்லாம் தெரிய வேண்டும் என்று யார் சொன்னது? கரையில் நடந்து தகவல் எடுப்பவருக்குச் செல்போனில் கியூஃபீல்டு செயலி போதும். அதில் நீங்கள் முன்கூட்டியே செய்துவைத்த படிவத்தை நிரப்பினால் வேலை முடிந்தது. வரைபவர்கள் மூன்று பேர், அச்சுக்குப் படம் தயார்செய்பவர் ஒருவர், தரவைச் சரிபார்ப்பவர் ஒருவர், இப்படிப் பிரித்துக்கொள்ளுங்கள். இரண்டு முழு நாளை வாரத்துக்கு அரைநாளாக நான்கு வாரம் நீட்டுங்கள். நடுவில் இருக்கும் நாட்களில் அவர்கள் முட்டி மோதி, கேள்வியோடு வருவார்கள். எல்லோர் கணினியிலும் ஒரே பதிப்பு, அதிலும் நீண்டகால ஆதரவுப் பதிப்பு, இருக்கட்டும். இல்லையென்றால் பாதி நேரம் "எனக்கு அந்தப் பட்டனே இல்லையே"யில் போய்விடும். முக்கியமாக அவர் மவுஸை நீங்கள் தொடாதீர்கள். கை துறுதுறுவென்று வரும், கட்டிக்கொண்டு நில்லுங்கள்.

கேள்வி: ஜிபிஎஸ் கருவியில் எடுத்த ஊரணிப் புள்ளிகளைக் கியூஜிஐஎஸ்ஸில் போட்டால் ஒரு பட்டியல் லட்சத்தீவு பக்கம் கடலில் விழுகிறது, இன்னொன்று வடதுருவத்துக்குப் பக்கத்தில் போய் நிற்கிறது. மென்பொருளில் கோளாறா? (தேவகோட்டை)

மென்பொருள் பாவம், சொன்னதைச் செய்திருக்கிறது. முதலில் வடதுருவம். தேவகோட்டை ஏறக்குறைய 10 டிகிரி வடக்கு, 78.8 டிகிரி கிழக்கு. நாம் வாயால் சொல்லும்போது அட்சரேகையை முதலில் சொல்லிப் பழகிவிட்டோம், மென்பொருளோ எக்ஸ் என்றால் தீர்க்கரேகை, அதாவது கிழக்கு மேற்கு, என்று எடுத்துக்கொள்ளும். இரண்டையும் மாற்றிப் போட்டால் 78.8 வடக்கு, 10 கிழக்கு. நார்வேயின் ஸ்வால்பார்டு தீவுகளுக்குச் சற்று மேற்கே, ஐஸ் தண்ணீர்.

லட்சத்தீவு விஷயம் வேறு. இடத்தை மீட்டர் கணக்கில் குறிக்கும் யூடிஎம் முறையில் பூமியை 6 டிகிரி அகலப் பட்டைகளாகப் பிரித்திருக்கிறார்கள். 72 முதல் 78 டிகிரி வரை 43ஆம் பட்டை, கோயம்புத்தூர் அதில் வரும். 78 முதல் 84 வரை 44ஆம் பட்டை, சிவகங்கை, புதுக்கோட்டை மாவட்டங்கள், அதாவது நம் செட்டிநாடு முழுக்க, இதில். ஒவ்வொரு பட்டையிலும் அதே எண்கள் திரும்ப வரும். தெருவுக்குத் தெரு 5ஆம் நம்பர் வீடு இருக்கிற மாதிரி. உங்கள் புள்ளிகள் 44க்கு உரியவை, நீங்கள் 32644 என்ற குறியீட்டுக்குப் பதில் 32643 கொடுத்திருக்கிறீர்கள். ஒரே ஒரு இலக்கம்தான், 650 கிலோமீட்டருக்கு மேல் மேற்கே நகர்ந்து கவரத்திக்குத் தெற்கே ஊரணி வெட்டியாகிவிட்டது.

சரிசெய்யும்போதுதான் இரண்டாவது குழி. லேயரின் மேல் வலது கிளிக் செய்தால் ‘செட் லேயர் சிஆர்எஸ்’ என்று வரும். சிஆர்எஸ் என்றால் எண்களை எந்த முறையில் படிப்பது என்ற குறிப்பு, 32644 மாதிரி. இந்தக் கட்டளை பெயர்ச்சீட்டை மட்டும் மாற்றும், உள்ளே இருக்கும் எண்களைத் தொடாது. சீட்டு தப்பாக ஒட்டியிருந்தால், உங்கள் விஷயம் அதுதான், அதைப் பயன்படுத்தலாம். ஆனால் சரியாக இருக்கும் லேயரை வேறு முறைக்கு மாற்ற வேண்டுமென்றால் ‘எக்ஸ்போர்ட்’ கொடுத்துப் புதிய கோப்பாக எடுக்க வேண்டும். ஊறுகாய் ஜாடியில் தேன் என்று எழுதி ஒட்டினால் ஊறுகாய் தேனாகுமா?

பயிற்சி கொடுப்பவர்களுக்கு: இதைப் பாடமாக நடத்தாதீர்கள். உருண்டைப் பூமியைத் தாளில் விரிப்பது எப்படி என்று உருளை, கூம்பு எல்லாம் பலகையில் படம் போட்டால் ஐந்தாவது நிமிடம் செல்போனை எடுத்துவிடுவார்கள். நான் வேண்டுமென்றே எண்களை மாற்றிப் போட்ட ஒரு பட்டியலைக் கொடுத்து, "உங்க ஊர் எங்க இருக்கு, தேடுங்க" என்பேன். ஆர்க்டிக் கடலில் தன் ஊரைக் கண்டுபிடித்த ஒருவர் அதை மறக்கவே மாட்டார்.

இதோடு ஒட்டிய ஒரு சங்கதியையும் சொல்லிவிடுகிறேன். நூறு ஏக்கர் கண்மாயின் பரப்பு 0.000033 என்று வருகிறதா? உங்கள் லேயர் டிகிரியில் இருக்கிறது, நீங்கள் வெறும் ‘ஏரியா’ சார்பைப் பயன்படுத்தி சதுர டிகிரியில் விடை வாங்கியிருக்கிறீர்கள். முன்னால் டாலர் குறி போட்ட ‘ஏரியா’ பூமியின் வளைவைக் கணக்கில் எடுத்து, ப்ராஜெக்டில் நீங்கள் வைத்திருக்கும் அலகில் பரப்பைத் தரும். ஹெக்டேரில் வந்தால் 2.471ஆல் பெருக்குங்கள், ஏக்கர். நம் ஆட்களுக்கு ஏக்கர், சென்ட்டில் சொன்னால்தான் எண் சரியா தப்பா என்று உறைக்கும், அதனால் பயிற்சியில் முதலிலிருந்தே அதில் வைத்துக்கொள்வது நல்லது.

கேள்வி: கண்மாய்ப் பெயர்களைத் தமிழில் பதிய விரும்புகிறோம். அட்டவணைப் பத்தியின் தலைப்பு பாதியில் வெட்டுப்படுகிறது, சில பெயர்கள் புரியாத எழுத்தாக வருகின்றன. (புதுவயல்)

நீங்கள் ஷேப்ஃபைல் என்ற கோப்பு வகையில் சேமிக்கிறீர்கள். அதன் அட்டவணை பழைய டிபேஸ் காலத்து வடிவம், தலைப்புக்கு 10 பைட்தான் இடம். ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட் போதும், யூனிகோட் தமிழில் ஒவ்வொரு குறிக்கும் 3 பைட், புள்ளியும் கொம்பும் தனித்தனிக் குறி. ‘கண்மாய்’ என்று தலைப்பு வைத்தால் ‘கண்’ மட்டும் மிஞ்சும். ஷேப்ஃபைலை விட்டுவிட்டு ஜியோபேக்கேஜில் சேமியுங்கள். ஷேப்ஃபைலுக்கு நான்கைந்து கோப்புகள் சேர்ந்து இருக்க வேண்டும், ஒன்று விட்டுப்போனாலும் தொல்லை. ஜியோபேக்கேஜ் ஒரே கோப்பு, பென்டிரைவில் தூக்கிப்போவதற்கும் வசதி. தலைப்பைச் சின்ன ஆங்கிலச் சொல்லாக வைத்து, ‘ஏலியஸ்’ என்ற இடத்தில் தமிழ்ப்பெயர் கொடுத்தால் படிவத்தில் தமிழ்தான் தெரியும்.

புரியாத எழுத்துகள் பழைய பாமினி மாதிரியான எழுத்துருவில் டைப் செய்தவையாக இருக்கும். முதலில் யூனிகோடுக்கு மாற்றுங்கள். அப்புறம், ஊரணி, ஊருணி, ஊரனி என்று மூன்று பேர் மூன்று விதமாக டைப் செய்தால் கணக்கில் மூன்று வகை நீர்நிலை வரும். டைப் செய்யவே விடாதீர்கள், தேர்ந்தெடுக்கும் பட்டியலாக வையுங்கள். எழுத்துப்பிழைக்குப் பயந்தே படிவத்தைத் தொடாதவர்களும் அப்போது தொடுவார்கள்.

கேள்வி: கட்டடக்கலை மாணவி. ஓர் ஊரின் பழைய வீடுகளைக் கணக்கெடுக்கத் தெருவுக்கு ஒரு குழு அனுப்பினோம். 43 வீடு வந்தது. ஊர்க்காரர்கள் முப்பதுதான் என்கிறார்கள்.

ஊர்க்காரர்கள் சொல்வதுதான் சரி என்று பார்க்காமலே சொல்வேன். முகப்பு ஒரு தெருவில், பட்டாலை, வளவு, இரண்டாங்கட்டு தாண்டிப் பின்வாசல் அடுத்த தெருவில். ஒரு குழு முன்வாசலை எண்ணியிருக்கிறது, இன்னொரு குழு பின்வாசலை. தெருவில் நின்று புள்ளி வைப்பதை விட்டுவிட்டு, முதலில் மேலிருந்து கூரையைப் பார்த்துப் பலகோணமாக வரைந்து, ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் கொடுத்து, அதை அச்செடுத்துக் கையில் வைத்துக்கொண்டு நடங்கள். வாசல்கள் தனி லேயர், எந்த வீட்டு எண்ணின் வாசல் என்ற குறிப்போடு. செல்போன் ஜிபிஎஸ் திறந்த வெளியிலேயே ஐந்து மீட்டர் போல முன்பின் காட்டும், உயரமான சுவர்களுக்கு நடுவே சந்தில் இன்னும் மோசம், அதை நம்பி எந்த வீடு என்று முடிவுசெய்ய முடியாது.

செட்டிநாட்டு ஊர்கள் 2014இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்களுக்கான உத்தேசப் பட்டியலில் இடம்பெற்றதிலிருந்து இந்தக் கணக்கெடுப்பில் பலருக்கும் ஆர்வம், நல்லதுதான். ஆனால் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். எந்த வீடு பூட்டிக் கிடக்கிறது, எதில் ஆளில்லை என்ற தகவலை இணையத்தில் போடும் படத்தில் வைக்காதீர்கள். தேக்குத் தூணுக்கும் நிலைக்கதவுக்கும் சந்தை இருக்கிற காலத்தில் அது திருடனுக்கு வழிகாட்டிப் பலகை. இதைப் பயிற்சியின் முதல் நாளே சொல்லிவிட வேண்டும், மூன்றாவது வாரம் சொன்னால் படம் அதற்குள் வாட்ஸ்அப்பில் போயிருக்கும்.

கேள்வி: காசு கொடுத்து ஆர்க்ஜிஐஎஸ் என்ற நிலப்பட மென்பொருளை வாங்கினால் சுலபமாக இருக்குமா?

உங்கள் அலுவலகத்தில் ஏற்கனவே இருந்தால் அதிலேயே கற்றுக்கொள்ளுங்கள். இல்லையென்றால் எதற்கு? கடலுக்குப் போகிற கண்மாய் அதிலும் போகும்.

கேள்வி: 63 வயது. பணி ஓய்வு பெற்ற நில அளவையாளர். பசங்களோடு உட்கார்ந்து இதைக் கற்க முடியுமா? (காரைக்குடி)

ஐயா, நீங்கள் மாணவராக வந்தால் எனக்குத்தான் பயம். மவுஸ் பழக ஒரு வாரம் ஆகும், அதை விடுங்கள். புல வரைபடத்தை ஸ்கேன் செய்து செயற்கைக்கோள் படத்தின் மேல் உட்காரவைப்பதுதான் பசங்கள் எல்லோரும் தடுமாறும் இடம். படத்தில் தெரியும் ஏதோ நான்கு மரத்தை, அதுவும் ஒரே மூலையில், பிடித்துக்கொள்வார்கள். மூன்று புலங்கள் கூடும் இடத்துக் கல் எது, எந்தக் கல் நகர்ந்திருக்க வாய்ப்புண்டு, எதை நம்பலாம் என்று உங்களுக்குக் கண்ணை மூடினால் தெரியும். கணக்குப்படி மூன்று புள்ளி போதும், ஆறேழு வையுங்கள், நான்கு பக்கமும் பரவலாக. அப்போதுதான் எவ்வளவு பிசகு என்பதை மென்பொருள் காட்டும். ‘தின் பிளேட் ஸ்ப்லைன்’ என்ற முறையைத் தேர்ந்தெடுத்தால் தாளை ரப்பர் மாதிரி இழுத்துப் பிசகே இல்லாத மாதிரி காட்டிவிடும், அதில் ஏமாறாதீர்கள். இப்படிச் செய்த படத்தை வைத்து யாரும் எல்லைத் தகராறு தீர்க்கப் போகக் கூடாது என்பதையும் பசங்களுக்கு நீங்களே சொல்லிவிடுங்கள், உங்கள் வாயால் சொன்னால் எடுபடும்.

போன வருடம் ஒரு ஊரில் இரண்டு கல்லூரிப் பிள்ளைகள் கண்மாய்க்குத் தண்ணீர் வரும் வழியை மடிக்கணினியில் வரைந்துகொண்டிருந்தார்கள். திண்ணையில் உட்கார்ந்திருந்த ஆச்சி எட்டிப் பார்த்து, "தம்பி, வரத்துக்கால் அந்தப் பக்கம் இல்லப்பா, இப்ப ரைஸ்மில்லு இருக்குல்ல, அதுக்கு அடியில போச்சு" என்றார். பிள்ளைகள் அந்தக் கோட்டை அழித்துவிட்டு, ‘முன்பு இருந்தது’ என்று தனி லேயர் ஒன்று தொடங்கினார்கள். எந்த மெனுவிலும் இல்லாத பாடம்.

கேள்வி: பயிற்சி முடிவில் சான்றிதழ் கொடுக்கலாமா?

தாராளமாக. கூடவே அவரவர் வரைந்த ஊர்ப்படத்தை ஏ3 அளவில் கலரில் அச்செடுத்து, கீழே வரைந்தவர் பெயர் போட்டுக் கொடுங்கள். சான்றிதழ் பீரோவுக்குள் போகும். படத்தை டீக்கடையில் ஒட்டுவார்கள். அங்கே நாலு பேர் பார்த்து நாலு தப்பு சொல்வார்கள், அதைத் திருத்துவதற்காகவே மறுநாள் கணினியைப் போடுவார்.