க்ளெர்மோனின் பத்துத் தோல்விகள் – கடிதம்

அன்புள்ள அண்ணா,

நான் லியோனில் இருக்கிறேன். மகனுக்குப் பதினொரு வயது. றக்பி பழகப் போகவேண்டும் என்று ஒரு வருடமாக ஒற்றைக்காலில் நிற்கிறான். போதாததற்கு அவன் ஆதரிப்பது க்ளெர்மோன் கிளப்பை. பிரெஞ்சுச் சாம்பியன்ஷிப்பில் பத்துத் தடவை இறுதியாட்டத்துக்குப் போய்ப் பத்துத் தடவையும் தோற்ற, சாபம் பிடித்த கிளப் என்று பள்ளியில் பகிடி பண்ணுகிறார்களாம். அது ஒரு டயர் கம்பனியின் விளையாட்டுப் பொம்மை என்கிறார் இவர். எனக்கோ, தோற்பதற்கென்றே பிறந்த அந்தக் கிளப்பைப் பார்த்தால் நம் சனத்தின் கதைதான் ஞாபகம் வருகிறது. நீங்கள் அந்த ஊரில் இருந்தவர் என்று எழுதியிருந்தீர்கள். பிள்ளையை விடலாமா? தலையில், கழுத்தில் அடிபட்டால் என்ன செய்வது? வாசிக்க ஏதும் புத்தகம் உண்டா?

க.

அன்புள்ள தங்கச்சி,

உங்கள் கடிதம் வந்தபோது நானும் க்ளெர்மோனைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். அங்கே என்னோடு சமையலறையில் நின்ற நண்பன் ஒருவன் ழோத் சதுக்கத்தின் படம் ஒன்றை அனுப்பியிருந்தான். தூரத்தில் எரிமலைக் கல்லில் கட்டிய அந்தக் கறுப்புத் தேவாலயம். இரண்டு நாளாக அந்தப் படத்தைத் திறந்து திறந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

புத்தகம் எல்லாம் வேண்டாம். பிள்ளையை மைதானத்துக்குக் கூட்டிக்கொண்டு போங்கள்.

கணவர் சொல்வதில் பாதி உண்மை. 1911இல் அந்தக் கிளப்பைத் தொடங்கியவர் மார்செல் மிஷெலின், கம்பனியை நிறுவிய சகோதரர்களில் ஒருவரான ஆந்த்ரேயின் மகன். முதலில் அதற்குக் கம்பனியின் பெயர்தான். பிறகு தொழிற்சாலை இருந்த மோன்ஃபெரான் பகுதியின் பெயரை வைத்தார்கள். இரண்டும் பிரெஞ்சில் ஒரே எழுத்தில் தொடங்குவதால் ஆ-எஸ்-எம் என்ற மூன்றெழுத்து அப்படியே தப்பிவிட்டது. க்ளெர்மோன் ஓவெர்ன் என்ற பெயர் 2004இல்தான் வந்தது. வீடு, பள்ளிக்கூடம், மருத்துவமனை, மைதானம் என்று தொழிலாளியின் வாழ்க்கை முழுவதையும் கம்பனி கையில் வைத்திருந்த ஊர் அது. அதே கம்பனிக்கு வியட்நாமில் றப்பர் தோட்டங்களும் இருந்தன, 1930இல் ஃபூ ரியெங் தோட்டத்தில் கூலிகள் வேலைநிறுத்தம் செய்தார்கள். றப்பர் தோட்டம் என்றால் என்னவென்று நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அதையும் பிள்ளைக்குச் சொல்லுங்கள். ஆனால் மார்செல் மிஷெலின் நாஜிகளுக்கு எதிரான தலைமறைவு இயக்கத்தில் இருந்து, பிடிபட்டு, பூஹன்வால்ட் முகாமுக்கு அனுப்பப்பட்டு 1945 ஜனவரியில் செத்தார் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். மைதானத்துக்கு இன்றைக்கும் அவர் பெயர்தான். பொம்மை என்ற ஒரு சொல்லுக்குள் இதெல்லாம் அடங்காது.

சரி, சாபத்துக்கு வருகிறேன். இந்தச் சொல் எனக்குப் பிடிக்கவே பிடிக்காது. பிரெஞ்சுப் பத்திரிகைகளும் வருடக்கணக்காக இதைத்தான் எழுதின. சாபம் என்று சொல்லிவிட்டால் ஆட்டத்தைப் பார்க்க வேண்டியதில்லையே!

பாருங்கள், 1936இல் நார்போனிடம் 6-3, அடுத்த வருடம் வியன் ஊரிடம் 13-7. பிறகு முப்பத்து மூன்று வருடம் இறுதியாட்டமே இல்லை. 1970இல் எதிரே நின்றது லா வூல்த், ரோன் ஆற்றங்கரையில் ஒரு சின்ன ஊர். ஆனால் அந்த அணியில் கம்பெராபெரோ சகோதரர்கள் இரண்டு பேர் இருந்தார்கள், அவர்களைப் பற்றி அன்று பிரான்ஸ் முழுக்கத் தெரியும். முழு ஆட்டத்திலும் ஒரே ஒரு ட்ரை (எதிரணியின் கோட்டுக்கு அப்பால் பந்தை நிலத்தில் வைப்பது), அந்தக் காலத்தில் அதற்கு 3 புள்ளி, 3-0. 1978இல் பெஸியேயிடம் 31-9. அந்தப் பெஸியே 1971க்கும் 1984க்கும் இடையில் பத்துத் தடவை சாம்பியன் ஆன அணி! அவர்களிடம் தோற்க எந்த முனிவரும் வந்து சபிக்கத் தேவையில்லை. 1994, 1999, 2001, 2008, இந்த நான்கிலும் எதிரணி துலூஸ். 1994இலிருந்து தொடர்ந்து நான்கு வருடம் சாம்பியனுக்குக் கொடுக்கும் கேடயத்தை விடாமல் வைத்திருந்தவர்கள். 2007இல் ஸ்தாத் பிரான்சேயிடம், முன்னால் நின்ற ஆட்டத்தைக் கடைசியில் விட்டார்கள், 23-18. அது மட்டும் எனக்கும் வலிக்கும். 2009இல் பெர்பின்யானிடம் 22-13, அவர்களும் 1955க்குப் பிறகு வெல்லாதவர்கள்தான்.

பத்துத் தடவை தோற்றார்கள் என்பதைப் பத்துத் தடவை இறுதிவரை போனார்கள் என்று உங்கள் பிள்ளையின் வகுப்பில் ஒருவரும் சொல்வதில்லையா? அரையிறுதியில் விழுந்தவனைப் பார்த்து யாரும் சிரிப்பதில்லை. இறுதியில் விழுந்தவனுக்குத்தான் பட்டப்பெயர். பொல்லாத கணக்கு.

இன்னொன்றும் சொல்லவேண்டும். 2010 ஏப்ரலில், ஐரோப்பியக் கோப்பைக் காலிறுதியில், டப்ளினில் லைன்ஸ்டரிடம் 29-28, ஒரே ஒரு புள்ளியில் தோற்றார்கள். பந்தை உதைக்கும் பொறுப்பு ப்ரொக் ஜேம்ஸ் என்ற ஆஸ்திரேலியருடையது, அன்று அவர் உதைத்த எத்தனையோ பந்துகள் கம்பத்துக்கு வெளியே போயின. ஊரே அவரைத் திட்டியது, எங்கள் சமையலறையிலும் திட்டினார்கள். ஏழு வாரம் கழித்துக் கேடயத்தைத் தூக்கியவர்களில் அவரும் ஒருவர். பயிற்சியாளர் வெர்ன் கொட்டர், நியூசிலாந்துக்காரர், 2006இல் வந்தவர், மூன்று வருடம் தொடர்ந்து இறுதியில் தோற்றபிறகும் கிளப் அவரைக் கலைக்கவில்லை. அணித்தலைவர் ஓரேலியான் ரூஜெரி அந்த ஊரிலேயே வளர்ந்தவர், தகப்பனும் இதே கிளப்பில் ஆடியவர், வேறெங்கும் போகாமல் 2018 வரை அங்கேயே ஆடினார். வென்றது இதனால்தான், சாபம் தீர்ந்ததால் இல்லை.

அப்புறம், தங்கச்சி, நீங்கள் எழுதிய அந்த ஒரு வரி. நம் சனத்தின் கதை. அதை வாசித்தபோது எனக்குக் கோபம் வந்தது, இப்போதும் இருக்கிறது. பந்தோடு ஓடுகிறவர்களையும் பதுங்குகுழியில் கிடந்தவர்களையும் ஒரே வரியில் எப்படி வைக்க முடிந்தது உங்களுக்கு? ஆட்டத்தில் தோற்றவன் அடுத்த ஓகஸ்டில் திரும்பவும் பயிற்சிக்கு வருவான். இனிமேல் இப்படி எழுதாதீர்கள்.

கோபப்படுவதற்குக் காரணம், ஒரு காலத்தில் நானே அந்த இரண்டையும் போட்டுக் குழப்பியவன். பத்தாவது இறுதியாட்டம் 2009 ஜூன் 6. மே 18 கழிந்து மூன்று கிழமைகூட ஆகவில்லை. அம்மா எந்த முகாமில் இருக்கிறா, இருக்கிறாவா என்பதே தெரியாது. பகலில் செய்தி பார்ப்பேன், இரவில் உருளைக்கிழங்கு சீவுவேன். அங்கே ட்ரூஃபாட் என்று ஒரு சாப்பாடு, உருளைக்கிழங்கும் புதுச் சீஸும் போட்டுக் கிளறுவது, சனிக்கிழமைகளில் மூட்டை மூட்டையாகச் சீவவேண்டும். அன்றிரவு தெருவில் மஞ்சளும் நீலமுமாகச் சட்டை போட்ட பெரிய ஆம்பிளைகள் நின்று அழுதார்கள். ஒரு பந்துக்காக அழுகிறார்களே என்று அந்த ஊரையே வெறுத்தேன். கத்தியைக் கழுவி வைத்துவிட்டு, யாரோடும் கதைக்காமல் அறைக்குப் போனேன்.

எங்கள் உணவகத்துக்குத் தினமும் ஒரு கிழவர் வருவார். முப்பத்தெட்டு வருடம் டயர் தொழிற்சாலையில் வேலை செய்து ஓய்வுபெற்றவர். 1970 ஆட்டத்துக்குத் துலூஸ்வரை போனவர், அந்த 3-0 பற்றி எல்லாருக்கும் நூறு தடவை சொல்லியிருப்பார். சனிக்கிழமை இரவு அழுத கூட்டத்தில் அவரையும் கண்டேன். திங்கட்கிழமை மத்தியானம் சமையலறை வாசலில் வந்து நின்றார். ஆட்டத்தைப் பற்றி ஏதோ சொல்லப்போகிறார் என்று நினைத்து நான் தலை நிமிரவே இல்லை. அவர் கேட்டது, “உன் அம்மாவிடமிருந்து செய்தி வந்ததா?”

அவ்வளவுதான் கேட்டார். தொலைக்காட்சியில் பார்த்திருக்கிறார். இல்லை என்றேன். அடுத்த நாளும் கேட்டார். அதற்கடுத்த நாளும். ஓகஸ்டில் செய்தி வந்தபோது முதலில் அவரிடம்தான் சொன்னேன். பத்து இறுதியாட்டங்கள் தோற்ற கிளப்புக்காக அழத் தெரிந்த மனிதர், அதையும் இதையும் ஒருநாளும் ஒன்றாக்கவில்லை. நீங்கள் ஒன்றாக்கினீர்கள், அதனால்தான் இவ்வளவு கடுமையாக எழுதுகிறேன். கோபிக்காதீர்கள்.

அடுத்த வருடம் மே 29, பாரிஸில், அதே பெர்பின்யானோடு, 19-6. எழுபத்து நான்கு வருடக் கணக்கு. ழோத் சதுக்கத்தில் பெரிய திரை வைத்திருந்தார்கள், கார் ஹோர்ன் சத்தம் விடியும்வரை ஓயவில்லை, எங்கள் முதலாளி அடுப்பை அணைத்துவிட்டு எல்லாரையும் வெளியே போகச் சொன்னார். அந்த ப்ரென்னுஸ் கேடயத்தைப் பார்த்திருக்கிறீர்களா? மரப்பலகையில் பித்தளைத் தகடு அறைந்தது, 1892இலிருந்து கைமாறுகிறது. கிழவர் சதுக்கத்துக்கு வரவில்லை, முழங்கால் சரியில்லை. நான் போய்ப் பார்த்தபோது வீட்டு வாசலில் கதிரை போட்டு, கழுத்தில் மஞ்சள் சால்வையோடு இருந்தார். என்னைக் கண்டதும், “அம்மாவுக்குச் சொன்னாயா?” என்றார். அங்கே நின்றபடியே போன் எடுத்துச் சொன்னேன். அம்மாவுக்கு றக்பி என்றால் என்னவென்று தெரியாது. “அந்த ஐயாவுக்குச் சந்தோஷமா?” என்று மட்டும் கேட்டா.

இதற்குப் பிறகு 2009 கடைசி தொடங்கி 2014 மே வரை சொந்த மைதானத்தில் 77 ஆட்டம் தோற்காமல் ஆடினார்கள் என்பதையும், 2017இல் இரண்டாவது தடவை கேடயம் வென்றார்கள் என்பதையும் பிள்ளை வகுப்பில் சொல்லட்டும். ஐரோப்பியக் கோப்பை இறுதியில் மூன்று தடவை தோற்றதை மற்றவர்கள் சொல்வார்கள், அதற்கும் ஆயத்தமாக இருக்கச் சொல்லுங்கள்.

பிள்ளையை விடுங்கள். எப்படி விழுவது, தலையை எந்தப் பக்கம் வைத்துப் பிடிப்பது என்று முதல் மாதமே ஒழுங்காகச் சொல்லித்தருகிறார்களா என்று நீங்களே போய் நின்று பாருங்கள், சொல்லித்தராவிட்டால் வேறு கிளப் பாருங்கள். பல்லுக்கு மவுத்கார்ட் வாங்கிக்கொடுங்கள். அவன் பெயரை நீங்கள் எழுதவில்லையே, அடுத்த கடிதத்தில் எழுதுங்கள்.

அன்புடன்,
அண்ணா