ஒரே கட்சி ஆட்சியில் அமைச்சரவையை எப்படி அமைப்பது?

கற்பனை நாடு ஒன்றில் புதிதாக ஒரே கட்சி ஆட்சி அமைந்திருக்கிறது, அமைச்சரவையில் யார் யாரை வைக்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். அமைச்சர் பட்டியலை அப்புறம் பார்க்கலாம். முதலில் கட்சியின் அரசியல் குழுவை, அதாவது பெரிய முடிவுகளை எடுக்கும் சிறு தலைமைக் குழுவை எழுதுங்கள், அதிகாரம் அங்கேதான் இருக்கும்.

சோவியத் யூனியனையே எடுத்துக்கொள்ளுங்கள். 1930 முதல் 1941 வரை அரசின் தலைவர், அதாவது பிரதமர் மாதிரி, மொலோட்டோவ். ஆனால் ஆண்டது ஸ்டாலின். 1922-இல் கட்சியின் பொதுச்செயலாளர் ஆனவர், 1941 மே மாதம்தான் அரசுத் தலைமையை ஏற்றார். பொதுச்செயலாளர் என்றால் ஏதோ கோப்பு பார்க்கிற வேலை போலத் தோன்றும். எந்த ஊருக்கு யாரைக் கட்சிச் செயலாளராகப் போடுவது என்பது அந்தக் கோப்பில்தான் முடிவானது. அப்படி வந்தவர்கள்தான் கட்சி மாநாட்டில் அவருக்காகக் கை தூக்கினார்கள். எனக்கு இதுதான் முக்கியமாகப் படுகிறது.

பெயரையும் யோசியுங்கள். 1917-இல் ரஷ்யாவில் புரட்சி செய்து ஆட்சிக்கு வந்தவர்கள் ‘அமைச்சர்’ என்ற சொல்லே வேண்டாம் என்று ‘மக்கள் கமிசார்’ என்று வைத்தார்கள். 1946-இல் மறுபடி அமைச்சர் என்றே மாற்றினார்கள்.

சரி, இலாகாக்களில் உள்துறையை யாரிடம் கொடுப்பது என்பதை மட்டும் நிதானமாக முடிவு செய்யுங்கள். காவலும் சிறையும் அவர் கையில்தான் இருக்கும்.