பச்சைப் பாலில் பிரீ சீஸ்: 60 நாள் கணக்கை நம்பலாமா?

கேள்வி: மலேசியாவின் பினாங்கில் உள்ள பாலிக் புலாவில் குடும்பமாக மாடு வளர்த்து, வெள்ளைப் பூஞ்சைத் தோல் படரும் பிரீ வகை சீஸ் செய்யத் தொடங்கியிருக்கிறோம். பாலைச் சூடாக்கினால் சுவை கெடும், சீஸை 60 நாள் முதிர வைத்தால் பச்சைப் பாலே போதும் என்கிறார் ஓர் ஆலோசகர். மெஸ்தி என்னும் உணவுப் பாதுகாப்புச் சான்றிதழையும் தாமே வாங்கித் தருவதாகச் சொல்லிப் பெருந்தொகை கேட்கிறார். ஒப்புக்கொள்ளலாமா?

பதில்: வேண்டாம். இரண்டுக்குமே ஒப்புக்கொள்ளாதீர்கள்.

அந்த 60 நாள் கணக்கு, பச்சைப் பால் சீஸை 1.7 பாகை செல்சியஸுக்குக் குறையாமல் வைத்து முதிரச் செய்ய வேண்டும் என்ற அமெரிக்க விதியிலிருந்து வந்தது. செடார் போன்ற கெட்டிச் சீஸில் அதற்கு ஓரளவு பொருள் உண்டு. ஈரம் வற்றி, உப்பும் புளிப்பும் நிலைத்து நிற்பதால் கிருமிகள் மெல்ல மடியும். அங்கும்கூட அது முழுமையான உத்தரவாதம் அன்று. உங்கள் சீஸில் நடப்பதோ இதற்கு நேர்மாறானது. பாலைப் புளிக்க வைத்த அமிலத்தை மேலே படரும் வெண்பூஞ்சை தின்றுவிடுவதால், நாள் செல்லச் செல்லத் தோலருகே புளிப்புக் குறைகிறது. ஈரமோ அப்படியே இருக்கிறது. குளிர்பெட்டியின் 4 பாகையிலும் வளரக்கூடிய லிஸ்டீரியா கிருமிக்கு இதைவிட வசதியான இடம் கிடையாது. ஆகவே, காத்திருப்பது இங்கே ஆபத்தைக் கூட்டுமே தவிரக் குறைக்காது. கர்ப்பிணி ஒருவருக்கு அக்கிருமி தொற்றினால் கரு கலையலாம். நோய் வெளிப்படவே சில வாரங்கள் ஆகக்கூடும் என்பதால், விற்றவருக்குச் செய்தி எட்டாமலே போகலாம்.

பாலை 63 பாகையில் 30 நிமிடம் வைத்திருந்து, உடனே உறையூற்றும் சூட்டுக்கு ஆற்றுங்கள். தயிர்க்கட்டி சற்றுத் தளர்ந்தால், உணவுத்தரக் கால்சியம் குளோரைடு சிறிதளவு சேர்ப்பது போதும். சுவையைப் பெரிதும் தருபவை நீங்கள் சேர்க்கும் பூஞ்சையும் முதிர்ச்சியும்தான். ஆனால் சூடாக்கிய பாலிலும் பின்னர் கிருமி ஏறக்கூடும். முதிர வைக்கும் அறையின் வடிகால், ஈரத்தரை, கொட்டகையிலிருந்து வரும் காலணி ஆகியவற்றைக் கண்காணியுங்கள்.

சான்றிதழைப் பொறுத்தவரை, மெஸ்தி என்பது சுகாதார அமைச்சு உங்கள் தயாரிப்பு இடத்தையும், நீங்கள் நாள்தோறும் எழுதும் பதிவேடுகளையும் நேரில் பார்த்து வழங்குவது. அதை எந்தத் தரகரும் விலைக்கு வாங்கித் தர முடியாது. உணவுச் சுகாதார ஒழுங்குமுறைகள் 2009இன் கீழ் இடத்தைப் பதிவு செய்வதையும் மெஸ்தி விண்ணப்பத்தையும் சுகாதார அமைச்சின் ஃபோசிம் இணையத்தளத்தில் நீங்களே செய்துகொள்ளலாம். மாட்டுக்குக் கால்நடைச் சேவைத் துறை, சீஸுக்குச் சுகாதார அமைச்சு, கடை உரிமத்துக்கு மாநகர் மன்றம் என்று ஒரு சிறு குடும்பத்தை அலைய வைக்கும் இந்த ஏற்பாடுதான் தரகர்களுக்குச் சோறு போடுகிறது. பல்லாண்டுகளாகச் சொல்லியும் ஒரே முகப்பில் முடித்துத் தர எவரும் முன்வரவில்லை. ஆயினும் அந்த அலைச்சலை நீங்களே ஏற்றுக்கொள்ளுங்கள். சோதனைக்கு வரும் அதிகாரி உங்களிடம்தான் கேள்வி கேட்பார், தரகரிடம் அல்ல.