குரோமியமும் தொழில்முனைவும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

கல்லூரி ஒன்றில் வேதியியல் கற்பிக்கிறேன். எம்.எஸ்ஸி. சேர்க்கை குறைந்துவருகிறது. தொழில்முனைவுப் பயிலரங்கும் ஆண்டுதோறும் யோசனைப் போட்டியும் நடத்தினால் மாணவர்கள் வருவார்களா? முதலீட்டுக்கு எங்கே போவது?

ர.

அன்புள்ள ர.,

காலி இருக்கைகளைப் பார்த்துப் பாடம் நடத்தும் உங்கள் வேதனை எனக்குப் புரிகிறது. ஆனால் அதற்கு மருந்தாகப் போட்டியையும் பரிசுக் கோப்பையையும் நீங்கள் முன்வைப்பது சரியில்லை. முதலீட்டைப் பற்றி இப்போது கவலைப்படாதீர்கள். உயிரித் தொழில்நுட்பத்துக்கு மத்திய அரசின் பிராக் (BIRAC) அமைப்பு நடத்தும் பிக் (BIG) மானியத் திட்டம் 50 லட்சம் ரூபாய் வரை தருகிறது. கையில் என்ன பொருள் இருக்கிறது என்பதே கேள்வி.

ராணிப்பேட்டைப் பக்கம் தோல் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையம் ஒன்றுக்கு ஓர் எம்.எஸ்ஸி. மாணவி தன் சோதனைப் பெட்டியோடு வந்திருந்தபோது நானும் உடனிருந்தேன். டைபீனைல்கார்பசைடு என்ற வினைப்பொருளைச் சேர்த்தால் குரோமியம் ஊதாச் சிவப்பாகத் தெரியும் என்று நம்பியிருந்தார், நிறமே வரவில்லை. தோல் பதனிடப் பயன்படுவது மூவிணைதிறன் குரோமியம், அந்த வினைப்பொருள் காட்டிக்கொடுப்பதோ அறுவிணைதிறன் குரோமியத்தை மட்டும். "மொத்த குரோமியம் லிட்டருக்கு ரெண்டு மில்லிகிராமுக்குள்ள இருக்கான்னு தெரிஞ்சாப் போதும்மா, இது சொல்லுமா?" என்று ஆபரேட்டர் கேட்டார். மாதிரியை முதலில் அமிலமும் பெர்மாங்கனேட்டும் சேர்த்துச் சூடாக்கி ஆக்சிஜனேற்றம் செய்து, மூவிணைதிறன் குரோமியத்தை அறுவிணைதிறனாக மாற்ற வேண்டும் என்பது அந்தப் பெண் தேர்வில் எழுதியதுதான். இரவுப் பணியில் தனியாக இருக்கும் ஒருவர் அதைப் பாதுகாப்பாகச் செய்ய முடியுமா, உப்பு மிகுந்த அந்த நீரில் அளவீடு நம்பகமாக வருமா, ஒரு சோதனைக்கு அவர்கள் என்ன விலை கொடுப்பார்கள் என்பவற்றை அவர் யோசிக்கத் தொடங்கியது அந்த ஆபரேட்டரின் மேசையருகேதான். எந்தப் பயிலரங்கு இதைக் கற்றுத்தரும்?

பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் பேராசிரியர் நவகாந்த பட்டின் வழிகாட்டலில் நடந்த முனைவர் பட்ட ஆய்விலிருந்துதான், நீரிழிவுப் பரிசோதனைக் கருவி செய்யும் பாத்ஷோத் நிறுவனம் 2015இல் உருவானது. அங்கும் அளவீடே முதலில் வந்தது, நிறுவனம் பிறகு வந்தது.

உங்கள் ஊரில் சாயப்பட்டறையோ பால் குளிரூட்டும் நிலையமோ நிச்சயம் இருக்கும். திட்ட ஆய்வுத் தலைப்பை அங்கே போய்க் கேட்டு வாங்குங்கள். முதல் பருவத்திலேயே மாணவர்களை அனுப்புங்கள், ஆய்வகத்தை மாலை நான்கு மணிக்குப் பூட்டாதீர்கள், கண்டுபிடித்தவர் மாணவர் என்றால் காப்புரிமை விண்ணப்பத்தில் அவர் பெயரை முதலில் எழுதுங்கள். பட்டம் வாங்கிய பிள்ளைகளின் உழைப்பில் பேராசிரியர்கள் பெயர் வாங்கியது போதும்.

அன்புடன்,
ஆசிரியர்