பிஞ்சிலே பழுத்த சால்மன்: வாசகர் கேள்விகள்

போன தடவை நெத்திலி பற்றி எழுதும்போது, "அமெரிக்காவில் ஒரு சின்ன சால்மனை எண்ணியே அடுத்த வருடம் எத்தனை மீன் வரும் என்று சொல்லிவிடுகிறார்கள்" என்று போகிறபோக்கில் ஒரு வரி எழுதிவிட்டேன். நெத்திலியை எல்லோரும் மறந்துவிட்டார்கள். அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டார்கள். வந்த கேள்விகளில் சில இங்கே.

என் மகன் ஓரிகனில் இருக்கிறான். ஆற்றில் தூண்டில் போட்டு முழங்கை நீளத்துக்கு ஒரு சால்மன் பிடித்துப் படம் அனுப்பினான். வயிற்றை அமுக்கினால் பால் வருகிறதாம். அதை "ஜாக்" என்கிறான். இவ்வளவு சின்ன மீனில் எப்படிப் பால் வரும்? நோயா? (குளச்சல்)

நோய் இல்லை. அந்தப் பால் விந்துதான். பிஞ்சிலே பழுத்தது, அவ்வளவுதான்.

சால்மன் ஆற்றில் பொரித்து, கடலுக்குப் போய்த் தின்று கொழுத்து, முட்டையிட அதே ஆற்றுக்குத் திரும்பும். பசிபிக் சால்மனில் பெரிய இனமான சினூக் கடலில் இரண்டு முதல் நான்கு வருடம் இருந்துவிட்டுத்தான் பெரும்பாலும் திரும்புகிறது. ஆனால் ஒவ்வொரு தலைமுறையிலும் கொஞ்சம் ஆண் மீன்கள் அவசரக்காரர்கள். ஒரே வருடத்தில் விந்து முற்றி, அண்ணன்மாருக்கு முன்னாலேயே ஆறேறிவிடும். அவைதான் ஜாக். கோஹோ என்ற இனத்தில் இன்னும் மோசம்: கடலில் சுமார் ஆறு மாதம்தான் இருக்கும்.

உடம்பில் சின்னதாக இருந்தால் பெரிய ஆணோடு சண்டை போட முடியாதே என்று தோன்றும். அது சண்டைக்கே போவதில்லை. பெட்டை மீன் சரளைக்கல்லில் வாலால் குழி பறிக்கும்; கொக்கி மூக்கும் பல்லுமாகப் பெரிய ஆண் பக்கத்தில் காவல் நிற்கும். ஜாக் கல் மறைவில் ஒண்டிக்கொண்டிருந்து, முட்டை விழுகிற அந்தச் சில விநாடியில் உள்ளே பாய்ந்து தன் பங்கை விட்டுவிட்டு ஓடிவிடும். கல்யாண வீட்டில் அழைப்பில்லாமல் வந்து முதல் பந்தியில் உட்காருகிற ஆள் மாதிரி. முட்டையில் ஒரு பகுதி நிஜமாகவே அதன் பிள்ளைகள்தான். அதற்கப்புறம் ஜாக்கும் செத்துப்போகும். பசிபிக் சால்மனுக்கு முட்டையிடுதல் ஒரே ஒரு முறைதான்.

மகனிடம் சொல்லுங்கள், தாராளமாகக் குழம்பு வைக்கலாம்.

பெட்டையில் ஜாக் கிடையாதா? (நாகர்கோவில்)

அபூர்வமாக உண்டு, "ஜில்" என்று பெயரும் வைத்திருக்கிறார்கள். விந்துக்கு உடம்பு பெரிதாக இருக்க வேண்டியதில்லை. முட்டைக்கு வயிறு வேண்டும். ஒரு நல்ல சினூக் பெட்டை நாலாயிரம், ஐயாயிரம் முட்டை சுமக்கிறது. சீக்கிரம் வந்தால் அதற்கு நஷ்டம்.

சின்ன மீனைப் பிடிக்காதே என்று எங்களுக்குச் சொல்கிறீர்கள். அங்கே பெரிய சால்மனுக்குக் கெடுபிடி வைத்துவிட்டு, சின்னதைத் தனிக் கணக்கில் பிடிக்க விடுகிறார்களாமே. ஊருக்கு ஒரு நியாயமா? (தூத்தூர்)

இந்தக் கேள்வி வரும் என்று எதிர்பார்த்தேன், அதுவும் தூத்தூரிலிருந்து. அண்ணே, சிறுசு வேறு, குஞ்சு வேறு.

நம் கரையில் பத்து சென்டிமீட்டருக்குக் குறைந்த சாளையை (மத்தி) அள்ளிக் கோழித்தீவனத்துக்கு அனுப்புகிறோமே, அது குஞ்சு. சாளை முட்டை பிடிக்கச் சுமார் பதினைந்து சென்டிமீட்டர் ஆக வேண்டும். அதற்கு முன்னால் பிடித்தால் ஒரு முறைகூட முட்டையிடாத மீனைக் கொல்கிறோம். கேரளத்தில் சாளைக்குப் பத்து, அயிலைக்குப் பதினான்கு என்று குறைந்தபட்ச நீளம் வைத்திருப்பது இதனால்தான்.

ஜாக் அப்படியில்லை. அது வளர்ந்து பெரிய சால்மன் ஆகப்போவதே இல்லை. ஓரிகனில் சினூக் என்றால் 24 அங்குலத்துக்குக் கீழே, கோஹோ என்றால் 20 அங்குலத்துக்குக் கீழே இருப்பதை ஜாக் என்று வைத்துக்கொள்கிறார்கள். எப்படியும் சாகப்போகிற ஆண் மீன், கூட்டத்தில் ஆணுக்குப் பஞ்சமும் இல்லை. அதனால் கெடுபிடி குறைவு.

ஆனால் உங்கள் கோபத்தில் ஒரு நியாயம் இருக்கிறது. எப்போதும் பெரிய மீனையே பிடித்துக்கொண்டிருந்தால் சீக்கிரம் முற்றுகிற குணம்தான் மிஞ்சும். பொரிப்பகத்தில் கொழுப்புத் தீனி போட்டு வேகமாக வளர்த்தாலும் ஜாக் கூடுகிறது. சில குஞ்சுகள் கடலையே பார்க்காமல் ஆற்றிலேயே முற்றிவிடுகின்றன. பண்ணைக்குட்டையில் சிலேபி விட்டவர்களுக்கு இது புதிதல்ல. இரண்டு மூன்று மாதத்தில் உள்ளங்கை அளவிலேயே முட்டை பிடித்து, குட்டை முழுக்கப் பொடி மீனாக நிறைந்துவிடும்.

இந்த வருடச் சின்ன மீனை வைத்து அடுத்த வருடம் எத்தனை வரும் என்று எப்படிச் சொல்ல முடியும்? ஜோசியம் மாதிரி இருக்கிறது. (மார்த்தாண்டம், கல்லூரி மாணவி)

கேரண்டி இல்லாத ஜோசியம்தான். ஆனால் கணக்கு இருக்கிறது.

ஒரே வருடம் பொரித்த மீன்கள் ஒன்றாகக் கடலுக்குப் போகின்றன. கடலில் முதல் சில மாதங்களில்தான் சாவு அதிகம். அதைத் தாண்டியவற்றில் ஒரு பங்கு ஜாக்காகத் திரும்புகிறது; மிச்சம் அடுத்த வருடமும் அதற்கடுத்த வருடமும் வரும். உதாரணத்துக்கு, ஒரு ஆற்றில் வழக்கமாக ஒரு ஜாக்குக்கு அடுத்த வருடம் பத்துப் பெரிய மீன் வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்த வருடம் ஆயிரம் ஜாக் வந்தால், அடுத்த வருடம் பத்தாயிரத்தை எதிர்பார்க்கலாம். அரிசி வெந்ததா என்று ஒரு பருக்கையை நசுக்கிப் பார்க்கிற வேலைதான்.

எண்ணுவது எப்படி? அமெரிக்காவின் கொலம்பியா ஆற்றில் பானவில் என்றொரு அணை. மீன் ஏறுவதற்குப் படிப்படியாகத் தொட்டி கட்டியிருக்கிறார்கள். வழியில் ஒரு கண்ணாடி ஜன்னல். உள்ளே ஒருவர் உட்கார்ந்து கடந்துபோகிற ஒவ்வொரு மீனுக்கும் ஒரு பொத்தானை அழுத்துகிறார், ஜாக்குக்குத் தனிப் பொத்தான். மணிக்கு ஐம்பது நிமிடம் எண்ணிவிட்டுப் பத்து நிமிடம் கண்ணுக்கு ஓய்வு. விட்ட பத்து நிமிடத்தைக் கணக்கில் ஈடுகட்டுவார்கள். 1938 முதல் இந்த எண்ணிக்கை நடக்கிறது. வயதை உறுதி செய்ய ஒரு செதிலை எடுத்து லென்ஸில் வைத்தால் போதும், மரத்தின் வளையம் மாதிரி கோடுகள் தெரியும். குளிர்காலத்தில் வளர்ச்சி குறைவதால் கோடுகள் நெருக்கமாக விழுந்திருக்கும்.

பலித்த கதை ஒன்று. கலிபோர்னியாவின் சாக்ரமெண்டோ ஆற்றில் வழக்கமாகப் பல்லாயிரக்கணக்கில் வரும் ஜாக் 2007 இலையுதிர்காலத்தில் சுமார் 2,000தான் வந்தது. 2008இல் கலிபோர்னியாவில் கடலில் சால்மன் பிடிப்பதையே நிறுத்தினார்கள், 2009இலும். காரணம், குஞ்சுகள் கடலில் இறங்கிய 2005, 2006 வருடங்களில் கடல் சரியில்லை. காற்று நேரத்துக்கு அடித்தால்தான் அடியிலுள்ள குளிர்ந்த சத்துள்ள தண்ணீர் மேலே வரும், இரை பெருகும். கச்சான் காற்று அடிக்காத வருடம் நம் கரையில் சாளை என்ன ஆகும் என்பதை உங்கள் தாத்தாவிடம் கேளுங்கள், அதே சங்கதி.

பலிக்காத கதையும் உண்டு. 2009 வசந்தத்தில் கொலம்பியாவில் ஜாக் கூட்டம் கூட்டமாக ஏறியது. அதை வைத்து 2010 வசந்தத்துக்குச் சுமார் 4.7 லட்சம் சினூக் வரும் என்றார்கள். வந்தது சுமார் 3.15 லட்சம். நல்ல வரத்துதான், ஆனால் சொன்னதில் மூன்றில் ஒரு பங்கு குறைவு. ஒரு ஜாக்குக்கு இத்தனை பெரிய மீன் என்ற விகிதம் வருடத்துக்கு வருடம் நகர்ந்துகொண்டே இருக்கும். மீன் வேகமாக வளர்ந்த வருடத்தில் முந்திப் பழுப்பவையும் கூடும்; நாம் அதைப் பெரிய கூட்டம் வருகிறது என்று படித்துவிடுவோம். என் எண்ணம், ஜாக் எண்ணிக்கை குறைந்தால் நம்பலாம், கூடினால் பாதிதான் நம்ப வேண்டும்.

சால்மன் என்றால் வஞ்சிரம்தானே? சந்தையில் "இந்தியன் சால்மன்" என்று விற்கிறார்களே, அது என்ன? (கன்னியாகுமரி)

இரண்டும் இல்லை. வஞ்சிரம், அதாவது நம் நெய்மீன், சூரைக்கும் அயிலைக்கும் உறவு. "இந்தியன் சால்மன்" என்பது காலா. மார்புத் துடுப்புக்குக் கீழே மீசை மாதிரி நூல் தொங்கும், பாருங்கள். சால்மனுக்கு நூல் கிடையாது. அதற்குப் பதில் முதுகுத் துடுப்புக்கும் வாலுக்கும் நடுவே முள்ளில்லாத ஒரு குட்டிக் கொழுப்புத் துடுப்பு இருக்கும். காலாவின் கதை ஜாக்கைவிட வேடிக்கை: முதலில் ஆணாக முற்றும், அப்புறம் வளர்ந்து பெட்டையாக மாறும். எனவே காலாவில் சின்னது பெரும்பாலும் ஆண், பெரியது பெரும்பாலும் பெட்டை. பெரிய காலாவையே தேடிப் பிடித்தால் என்ன ஆகும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

பேச்சிப்பாறை அணையில் சால்மன் விட்டால் என்ன? (குலசேகரம்)

வெந்துவிடும். இருபது டிகிரிக்கு மேல் தண்ணீர் சுட்டாலே அதற்கு அவஸ்தை. நம் மாநிலத்தில் அதன் சொந்தக்காரன் ஒருவன் உண்டு: நீலகிரி அவலாஞ்சியில் இருக்கும் டிரவுட்.

இதே வித்தையைச் சாளைக்குச் செய்ய முடியாதா? (முட்டம்)

ஆசைதான். கேரளத்தில் 2012இல் சுமார் 4 லட்சம் டன் சாளை வந்தது, 2021இல் சுமார் 3,300 டன். இதை முன்கூட்டியே சொல்ல முடிந்திருந்தால் எத்தனை வீட்டில் நகை அடகுக்குப் போகாமல் இருந்திருக்கும்.

சிக்கல் இதுதான். சால்மனுக்கு ஒரு ஆறு, ஒரு வாசல், அதில் ஒரு கண்ணாடி. சாளைக்கு வாசல் கிடையாது. வலையில் வந்தது கடலில் உள்ளதா, அல்லது வள்ளம் போன இடத்தில் இருந்ததா என்று பிரிக்க முடியாது. சால்மன் மாதிரி மூன்று நான்கு வருடம் பிரிந்து பிரிந்தும் வராது. முதல் வருடத்திலேயே முற்றிவிடும், ஆயுளே இரண்டரை வருடம்தான். முந்தி வந்தவனை வைத்துப் பிந்தி வருபவனை எண்ண இடமே இல்லை.

நானே ஒரு தடவை மாட்டிக்கொண்டேன். ஒரு ஆவணியில் குளச்சல் கரையில் விரல் நீளப் பொடிச் சாளை குவிந்து கிடந்ததைப் பார்த்து, "அடுத்த சீசன் பொன்னாக விளையும்" என்று மச்சானிடம் அடித்துச் சொன்னேன். அவர் புது வலை எடுத்தார். அடுத்த சீசனில் அந்த வலை பெரும்பாலும் கொல்லையில்தான் கிடந்தது, பிள்ளைகள் அதில் ஊஞ்சல் கட்டி ஆடினார்கள். அந்தக் குஞ்சுகள் எங்கே போயின என்று மச்சான் இன்னும் கேட்கிறார். நாங்கள்தானே அள்ளிக் கோழிக்குப் போட்டோம்.