பரம்வீர் சக்ரா என்றால் என்ன? அதைப் பெற்ற வீரரை அடுத்த தலைமுறைக்கு எப்படி நினைவூட்டுகிறார்கள்?

போர்க்களத்தில் எதிரிக்கு நேரெதிரே காட்டிய துணிவுக்கு இந்தியா தரும் மிக உயர்ந்த விருது இது. 1950-ல் ஏற்பட்டது. இதுவரை பெற்றவர்கள் 21 பேர்தான்.

பதக்கம் சின்னஞ்சிறு வெண்கல வட்டு, ஊதா நாடா. தங்கம்கூட இல்லை! மதிப்பெல்லாம் அதன் பின்னால் இருக்கும் கதையில்தான். முதல் விருதாளர் மேஜர் சோம்நாத் சர்மா 1947 நவம்பரில் காஷ்மீரின் பட்காமில் போரிட்டபோது, இடது கையில் மாவுக்கட்டு. அந்தக் கையோடுதான் துப்பாக்கிகளுக்குத் தோட்டா நிரப்பிக் கொடுத்தார்.

பார்த்தவர்கள் இருக்கும்வரைதான் இப்படிப்பட்ட கதை தானாக வாழும். அதன்பின் அதற்கு ஒரு பெயர்ப்பலகை வேண்டும். 2023-ல் அந்தமானின் 21 தீவுகளுக்கு விருது பெற்ற இந்த 21 பேரின் பெயரைச் சூட்டியது அதற்காகத்தான். தாத்தா பெயரைப் பேரனுக்கு வைக்கிறோமே, அதேபோல. கூப்பிடும்போதெல்லாம் 'யார் அவர்?' என்ற கேள்வி எழும்.

இந்த விருதை இறந்தவர்களுக்கு மட்டுமே தருவார்கள் என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை, 7 பேர் உயிரோடு இருந்து பெற்றிருக்கிறார்கள். அவர்களில் ஒருவர் பாணா சிங். சியாச்சின் பனிமலையில் அவர் கைப்பற்றிய ராணுவக் காவல்நிலைக்கே அவர் பெயர்தான்.