ஹாஸ்டல் ரூமில் எஸ்பிரஸோ: கேளுங்க, சொல்றேன்

காபிக்கொட்டை வறுத்து அரைத்து விற்கிற கடை என்னுடையது. ஹாஸ்டல் ரூமில், கையில் இருக்கிற காசுக்குள் எஸ்பிரஸோ மாதிரி கெட்டியாகக் காபி போடுவது பற்றிக் கேளுங்கள். எந்த இன்ஸ்டன்ட் பிராண்ட் நல்லது என்று மட்டும் கேட்காதீர்கள்.

கோவை, பி.இ. முதலாம் ஆண்டு: அக்கா, கையில 1500 ரூபாய்தான் இருக்கு. எஸ்பிரஸோ மெஷின் ஏதாவது வருமா?

வராது தம்பி. எஸ்பிரஸோ என்றால் சுமார் 9 பார் அழுத்தத்தில் (ஒரு பார் என்பது ஏறத்தாழ நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தம்), கொதிநிலைக்குச் சற்றுக் கீழே உள்ள வெந்நீரை நைசான பொடிக்குள் தள்ளுவது. 18 கிராம் பொடி போட்டால் அரை நிமிடத்துக்குள் 36 கிராம் காபி வரும். அந்த அழுத்தத்துக்குப் பம்ப் வேண்டும், அல்லது லீவர் வேண்டும். மலிவாக 'எஸ்பிரஸோ மேக்கர்' என்று விற்பதில் பல, பம்ப் இல்லாமல் வெறும் நீராவியில் ஓடுபவை. அதில் பாதி அழுத்தம்கூடத் தேறாது.

உன் காசுக்கு மோகா பாட் வாங்கு. அடுப்பில் வைத்தால், அடிப்பாகத்து வெந்நீர் நீராவி அழுத்தத்தில் நடுவிலுள்ள பொடிக்கூடை வழியாக மேலே ஏறிக் காபியாக வழிகிற பாத்திரம் அது. இத்தாலியில் 1933இல் பியலெட்டி கொண்டுவந்த சாமான். ஒன்றிரண்டு பார்தான் வரும், ஆனால் பாலைத் தாங்கும் கெட்டி அதில் உண்டு. இண்டக்‌ஷன் அடுப்பென்றால் ஸ்டீல் பாட்டாகப் பார்த்து எடு, அலுமினியம் அதில் சூடே ஆகாது. போடும் முறை: அடிப்பாகத்தில் வால்வுக்குக் கீழே நிற்கிற அளவுக்கு வெந்நீர். கூடையில் பொடியைத் தலைதட்டி நிரப்பு, அமுக்காதே. அமுக்கினால் தண்ணீர் ஏற வழியில்லாமல் வால்வு சீறும். தீ சின்னதாக இருக்கட்டும், மூடி திறந்தே இருக்கட்டும். முதலில் கறுப்பாக, தேன் மாதிரி வழியும். நிறம் வெளுத்துக் குமிழி விட ஆரம்பித்ததும் இறக்கி, அடிப்பாகத்தைக் குழாய்த் தண்ணீரில் காட்டு. அதற்கு மேல் வருவது கசப்புத் தண்ணீர்தான்.

மிச்சப் பணத்தைப் பொடியில் போடு. 100 கிராமாக வாங்கு. கண்ணெதிரே அரைத்துத் தருகிற கடையில் வாங்கு. இரண்டு வாரத்துக்கு மேல் வைத்திருக்காதே.

திருச்சி, மகளிர் விடுதி: எங்க வார்டன் இண்டக்‌ஷன் விடமாட்டாங்க. கெட்டில் மட்டும்தான்.

அப்படியென்றால் வீட்டு ஸ்டீல் ஃபில்டரே போதும்மா. மேல் பாத்திரத்தில் 25 கிராம் பொடி, ஃபில்டரோடு வருகிற குடை மாதிரித் தட்டால் லேசாக ஓர் அமுக்கு. கொதிக்கிற தண்ணீரில் முதலில் இரண்டு ஸ்பூன் விட்டுப் பொடியை நனை. அரை நிமிடம் கழித்து மொத்தமாக 100 மில்லி வரை மெல்ல ஊற்றி மூடு. இருபது நிமிடம் தொடாதே. கள்ளிச்சொட்டாக இறங்கும். ஃபில்டரை வெந்நீர்க் கிண்ணத்தில் உட்காரவைத்தால் டிகாக்‌ஷன் ஆறாது.

ப்ளக்கைப் பார்த்துக்கொள். 1500 வாட் கெட்டில் 230 வோல்ட்டில் ஆறரை ஆம்பியர் இழுக்கும். ரூமில் ஃபேனுக்கும் சார்ஜருக்கும் வைத்திருக்கிற சாக்கெட் 6 ஆம்பியர்தான் தாங்கும். எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் மாட்டவே மாட்டாதே.

மதுரை: கெட்டில்லயே பால் காய்ச்சலாமா?

கூடாது. பொங்கும், அடிப்பிடிக்கும், கருகும், அப்புறம் கெட்டிலே நாறும். டம்ளரில் பாலை ஊற்றி, கொதிநீர் இருக்கிற கிண்ணத்தில் இறக்கி வை. 60 டிகிரி வந்தால் போதும், அதற்கே பால் இனிக்கும்.

ஊட்டி: இங்க தண்ணி சீக்கிரமே கொதிக்குது. காபி வீணாகுமா?

ஆகாது. உங்கள் உயரத்தில் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். எஸ்பிரஸோ மெஷின்காரர்கள் தேடுகிற சூடே அதுதான். ஆறவைக்காமல் உடனே ஊற்றுங்கள்.

சென்னை: மோகா பாட்ல க்ரீமா வரவே மாட்டேங்குது.

வராது. க்ரீமா என்கிற அந்தப் பொன்னிற நுரைக்கு அழுத்தம் வேண்டும். காஜியா என்பவரின் லீவர் மெஷின் வந்த பிறகுதான் இத்தாலிக்காரனே அதைப் பார்த்தான். நுரைதான் வேண்டுமென்றால் கியூபாக்காரர்கள் செய்கிறபடி செய்யுங்கள்: மோகாவில் முதலில் வழிகிற ஒரு ஸ்பூன் காபியை இரண்டு ஸ்பூன் சர்க்கரையில் விட்டு, வெளுத்துக் குழம்பாகிற வரை அடியுங்கள். மிச்சக் காபியை அதன் மேல் ஊற்றினால் நுரை மேலே மிதந்து வரும்.

கும்பகோணம்: சிக்கரி போட்ட பொடியை மோகால போடலாமா? சிக்கரி இல்லாம காபியே இறங்காது எனக்கு.

ஃபில்டரில் தாராளமாகப் போடுங்க. மோகாவில் வேண்டாம். சிக்கரி நனைந்தால் பிசுபிசுவென்று ஒட்டி வழியை அடைக்கும்.

சென்னை (மேலே க்ரீமா கேட்டவர்): சிக்கரியே கலப்படம்தானே அக்கா?

இல்லை. சொல்லாமல் கலந்தால்தான் கலப்படம். சட்டப்படி காபி-சிக்கரிக் கலவையில் காபி 51 சதவீதத்துக்குக் குறையக் கூடாது, எவ்வளவு சிக்கரி என்று பாக்கெட்டில் அச்சடித்திருக்க வேண்டும்.

கும்பகோணம்: கேட்டுக்கோங்க தம்பி. டிகிரி காபி குடிச்சு வளர்ந்தவன்கிட்ட கலப்படம்னு சொல்லாதீங்க.

சென்னை: 51ன்னா மிச்சம் 49ம் வேர்த்தூளா? அதுக்குக் காபி விலை குடுக்கணுமா சார்?

இது நியாயமான கேள்வி. சிக்கரி கொட்டையே இல்லை, குஜராத்திலும் உத்தரப் பிரதேசத்திலும் விளைகிற ஒரு செடியின் வேர். காஃபின் துளியும் கிடையாது. காபியைவிட மலிவு, தண்ணீரில் கரைவதும் அதிகம். கொஞ்சப் பொடியில் கறுப்பாக, கெட்டியாகக் காட்டும். கடைக்காரனுக்கு ஏன் பிடிக்கிறது என்று புரிகிறதா? நானும் கடைக்காரிதான், அதனால் சொல்கிறேன். 80:20 எனக்குப் பிடிக்கும், பாலோடு அதன் லேசான கசப்பு சேரும். அதற்கு மேல் போனால் வேர்க் கஷாயம்.

சந்தேகமிருந்தால் கண்ணாடி டம்ளரில் பச்சைத் தண்ணீர் எடுத்து ஒரு சிட்டிகை பொடியை மேலே தூவுங்கள். காபி மிதக்கும். சிக்கரி பழுப்பு நிறக் கோடு இழுத்துக்கொண்டு அடியில் போய் உட்காரும்.

கும்பகோணம்: தூவிப் பார்த்தேன். கோடு கொஞ்சம் ஜாஸ்தியாவே இறங்குது. பாக்கெட்ல 60:40ன்னு போட்டிருக்கான், இத்தனை நாள் கவனிக்கலை.

சென்னை: 😀

சிரிக்காதே தம்பி. சார், கடையை மாற்றுங்கள்.

சேலம்: பீபெர்ரியா, ரோபஸ்டாவா?

பாதிக்குப் பாதி. பீபெர்ரி என்பது பழத்துக்குள் ஒற்றையாக விளைகிற உருண்டைக் கொட்டை; ரோபஸ்டாவும் அராபிகாவும் காபிச் செடியின் இரண்டு இனங்கள். ரோபஸ்டா கெட்டி தரும், விலையும் குறைவு. உங்கள் ஊரிலேயே ஏற்காடு அராபிகா கிடைக்குமே.

வேலூர்: எக்ஸாம் டைம். ராத்திரி எத்தனை கப் குடிக்கலாம்?

ரோபஸ்டாவில் அராபிகாவைப் போலக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு காஃபின். பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 400 மில்லிகிராம் வரை என்பது பொதுவான வரம்பு. குடித்ததில் பாதி ஐந்து மணி நேரம் கழித்தும் உடம்பில் இருக்கும். பத்து மணிக்கு மேல் வேண்டாம். நெஞ்சு படபடப்பு என்றால் டாக்டரிடம் கேள், என்னிடமில்லை.

நெல்லை: 1500க்குள்ள எஸ்பிரஸோ மெஷின்?

முதல் பதில்.

தஞ்சாவூர்: கெட்டில் புதுசு, ஸ்டீல் உள்பக்கம். பால் காய்ச்சலாம்ல?

ஸ்டீலோ தங்கமோ, பால் காய்ச்சக் கூடாது.

ஈரோடு: ஏரோபிரஸ் நல்லதா?

பொடியையும் வெந்நீரையும் குழாயில் போட்டுக் கையால் அமுக்கி வடிக்கிற சாமான் அது. நல்லது, கழுவ ரொம்பச் சுலபம். ஆனால் அசல் உங்கள் பட்ஜெட்டைத் தாண்டும். கையால் அமுக்குவதால் அழுத்தம் ஒரு பாரைக்கூடத் தொடாது, அதிலும் க்ரீமா கிடையாது. சீனியர் யாராவது விற்றால் வாங்கிப் போடுங்கள்.

கோவை (முதல் கேள்வி கேட்டவன்): அக்கா, எக்ஸ்டென்ஷன் பாக்ஸ்ல ஒரே ஒரு தடவை மட்டும்...

கூடாது.

நாகர்கோவில்: சக்கையை வாஷ்பேசின்ல கொட்டினா அடைக்குமா?

அடைக்கும். பேப்பரில் தட்டி, மடித்துக் குப்பையில் போடுங்கள். ரூமில் காபி போடுகிறவர்கள் வார்டனிடம் மாட்டுவது வாசனையால் இல்லை, பிளம்பர் வருகிற அன்றைக்குத்தான்.